நெரிசலான நிலத்தில் மக்கள் பெருகுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேருந்தில் ஏற இடமில்லை, வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை என்றால் பக்கத்தில் ஒருவர் தவறாமல் சொல்வார்: "ஜனத்தொகை பெருத்துப் போச்சு." அந்த ஒரு வரிக்குள் பிறப்பு, இறப்பு, இடம்பெயர்வு, நிலம், வீடு என்று ஐந்து தனித்தனி விஷயங்கள் சிக்கிக் கிடக்கின்றன. அதைப் பிரித்துக் காட்டச் சொல்லிப் பலரும் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை மறுபடி சொல்லாமல் பின்னால் சுட்டிக்காட்டுவதால், முடிந்தவரை மேலிருந்து கீழாகப் படியுங்கள்.

1. இயற்கை வளர்ச்சின்னா என்ன? அதுல "இயற்கை" எங்கே வருது?

ஓர் ஆண்டில் பிறந்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து அந்த ஆண்டில் இறந்தவர்களின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவது இயற்கை அதிகரிப்பு. கழித்து வருவது பூஜ்யத்துக்குக் கீழே போனால் அது இயற்கைக் குறைவு. வெளியிலிருந்து குடிவந்தவர்களும் வெளியே போனவர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களையும் சேர்த்தால்தான் மொத்த வளர்ச்சி கிடைக்கும்.

"இயற்கை" என்ற சொல்லுக்கு இங்கே இவ்வளவுதான் பொருள். மனிதர் தலையீடு இல்லாதது என்றோ, நல்லது என்றோ அர்த்தமில்லை. தடுப்பூசி போட்டு ஒரு குழந்தையைக் காப்பாற்றினால் அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

2. ஆயிரத்துக்கு 13.5-ன்னு போடுறாங்களே, அதை எப்படிப் படிக்கணும்?

ஆயிரம் பேர் வாழும் இடத்தில் ஓராண்டில் எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு என்று பார்ப்பதுதான் பிறப்பு விகிதமும் இறப்பு விகிதமும். இந்தியாவின் மாதிரிப் பதிவு முறை (சில இடங்களை மாதிரியாக எடுத்துப் பிறப்பு, இறப்பைக் கணக்கிடும் அரசு ஏற்பாடு) 2020-க்குத் தந்த எண்கள்: பிறப்பு 19.5, இறப்பு 6.0. வித்தியாசம் 13.5. அதைப் பத்தால் வகுத்தால் சதவீதம், அதாவது 1.35.

இந்த வேகம் மாறாமல் இருந்தால் மக்கள்தொகை இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்பதற்கு ஒரு வாய்க்கணக்கு உண்டு. 70-ஐச் சதவீதத்தால் வகுக்க வேண்டும். 1.35-க்குச் சுமார் 52 ஆண்டுகள். ஆனால் வேகம் மாறாமல் இருந்ததாக எங்குமே வரலாறு கிடையாது. ஆகவே இந்தக் கணக்கை வேகத்தை உணர வைத்துக்கொள்ளுங்கள், ஜோசியம் சொல்ல வேண்டாம்.

3. ஊரே நெரியுது. அப்போ நிறையக் குழந்தைங்க பிறக்குதுன்னுதானே அர்த்தம்?

இல்லை. என்னிடம் அதிகம் பேர் கேட்டதும் இதுதான், பலருக்கும் நம்பக் கடினமாக இருப்பதும் இதுதான். அடர்த்தி என்பது இன்று ஒரு நிலத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது. இயற்கை அதிகரிப்பு என்பது இந்த ஆண்டு எத்தனை பேர் கூடுகிறார்கள் என்பது. குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதற்கும் குழாயில் எவ்வளவு வருகிறது என்பதற்கும் உள்ள வேறுபாடு அது. நிறைந்த குடத்தின் மேல் குழாய் மூடியே இருக்கலாம்.

2011 கணக்கெடுப்பில் பீகாரின் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 1,106 பேர், கேரளத்தின் அடர்த்தி 860. இரண்டுமே நாட்டின் நெரிசலான மாநிலங்கள். ஆனால் 2001 முதல் 2011 வரையிலான பத்தாண்டுகளில் பீகார் சுமார் 25 சதவீதம் வளர்ந்தது, கேரளம் 5 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 2020-ல் பீகாரின் இயற்கை அதிகரிப்பு ஆயிரத்துக்கு 20-ஐ ஒட்டி இருந்தது. கேரளத்தில் அது 6-ஐ ஒட்டி.

இன்னும் நெரிசலான ஹாங்காங்கைப் பாருங்கள். சுமார் 1,110 சதுர கிலோமீட்டரில் 75 லட்சம் பேர். 2020-ல் அங்கே பிறந்தவர்கள் சுமார் 43,000, இறந்தவர்கள் சுமார் 50,700. இயற்கை வளர்ச்சி பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. அந்த ஆண்டு அங்கே கொரோனாவால் இறந்தவர்கள் 200 பேருக்கும் குறைவு என்பதால், இதைத் தொற்றின் கணக்கில் எழுதிவிட முடியாது. முதியோர் பெருகியதும் பிறப்பு சுருங்கியதும்தான் காரணம்.

4. அப்படின்னா அந்த நெரிசல் எங்கிருந்துதான் வந்துச்சு?

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1945-ல் ஜப்பானிய ஆக்கிரமிப்பு முடிந்தபோது ஹாங்காங்கில் இருந்தவர்கள் ஏறக்குறைய 6 லட்சம் பேர். 1950 வாக்கில் அது 22 லட்சத்தை எட்டிவிட்டது. ஐந்தே ஆண்டுகளில் அத்தனை குழந்தைகள் பிறக்க வழியே இல்லை. போருக்கு முன் அங்கு வாழ்ந்து பின் வெளியேறியவர்கள் திரும்பினார்கள், சீன உள்நாட்டுப் போரிலிருந்து தப்பியவர்களும் வந்து சேர்ந்தார்கள். இயற்கை அதிகரிப்பு அதற்குப் பிறகுதான் பெரிய அளவில் வேலை செய்தது: வந்தவர்களில் பலர் இளவயதினர். 1960-களின் தொடக்கத்தில் அங்கே ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் பிறந்தன.

காசாவின் கதையும் இடம்பெயர்வில் தொடங்குவதுதான், ஆனால் அது மிகுந்த துயரமானது. சுமார் 365 சதுர கிலோமீட்டர் நிலம். 1948-ல் அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்கள் சுமார் 80,000 பேர், அகதிகளாக வந்து சேர்ந்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர். அதன்மேல் பல பத்தாண்டுகள் உயர்ந்த பிறப்பு விகிதம். வெளியேறும் வழிகளோ அடைபட்டிருந்தன. 2023 அக்டோபருக்கு முன் அங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள், அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் 18 வயது நிரம்பாதவர்கள். இதை "நிறையப் பெற்றுக்கொண்டார்கள்" என்று ஒரே வரியில் முடிப்பது நியாயமே இல்லை.

5. பிறப்பு கூடினதால இல்ல, இறப்பு குறைஞ்சதாலதான் கூட்டம் கூடுச்சுன்னு சொல்றாங்களே?

பெரும்பாலான நாடுகளுக்கு அது உண்மை. இருபதாம் நூற்றாண்டின் மக்கள்தொகைப் பெருக்கம் நடந்தபோது பெண்கள் தங்கள் பாட்டிகளைவிட அதிகமாகப் பெறவில்லை. பெற்ற குழந்தைகள் பிழைத்தன. இலங்கையில் 1946-ல் இறப்பு விகிதம் ஆயிரத்துக்குச் சுமார் 20. அடுத்த ஆண்டே சுமார் 14. மலேரியாக் கொசுவுக்கு டிடிடி பூச்சிமருந்து தெளித்தது எவ்வளவு காரணம், உணவும் மருத்துவமும் சீரானது எவ்வளவு காரணம் என்பதில் ஆய்வாளர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. இறப்பு சட்டென்று சரிந்தது என்பதில் விவாதம் இல்லை.

பிறப்பு அந்த வேகத்தில் குறையாது. நான்கு பெற்றால் இரண்டுதான் தங்கும் என்று பார்த்துப் பழகிய குடும்பத்துக்கு, நான்குமே தங்கும் என்ற நம்பிக்கை வர ஒரு தலைமுறை ஆகிறது. இந்தியாவில் 1971-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ல் அது 28. இறப்பு இறங்கி, பிறப்பு இறங்காத அந்த இடைவெளிக் காலத்தில்தான் மக்கள்தொகை பாய்ந்து ஏறுகிறது. அந்த ஏற்றத்தைச் சாபம் என்று பேசுபவர்களைக் கேட்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. அதில் பெரும்பங்கு சாகாமல் தப்பித்த குழந்தைகள்.

6. எல்லா இடத்திலயும் 2.1, 2.1-ங்கிறாங்க. அது என்ன மந்திர எண்?

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை மொத்தக் கருவள விகிதம். தாயின் இடத்துக்கு ஒரு மகள் வந்தால் தலைமுறை அதே அளவில் தொடரும். ஒரு மகளுக்காகச் சராசரியாக இரண்டு குழந்தைகள் என்றால் 2.0 போதுமே என்று தோன்றும். ஆனால் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. பிறந்த பெண் குழந்தைகளிலும் சிலர் தாயாகும் வயதுக்குமுன் இறந்துபோகிறார்கள். இந்த இரண்டையும் ஈடுகட்டத்தான் அந்த 0.1. குழந்தை இறப்பு அதிகமுள்ள இடத்தில் 2.1 போதாது, அதற்கு மேலும் வேண்டும். ஆகவே இது மந்திரமும் இல்லை, எல்லா இடத்துக்கும் ஒரே எண்ணும் இல்லை.

7. இப்போ எல்லாரும் ரெண்டோட நிறுத்திட்டாங்களே. இன்னும் ஏன் கூடிக்கிட்டே போகுது?

இதை ஒரு கற்பனைக் கணக்கோடு பார்ப்போம். ஓரிடத்தில் 100 தம்பதிகள், அதாவது தாத்தா பாட்டிகள் 200 பேர். தம்பதிக்கு நான்கு குழந்தைகள் பெற்றார்கள், மொத்தம் 400. அந்த 400 பேரும் தங்களுக்குள் மணந்து 200 தம்பதிகள் ஆனார்கள். இவர்கள் கண்டிப்பாக இரண்டோடு நிறுத்தினார்கள். பேரப்பிள்ளைகள் எத்தனை? அதுவும் 400.

இப்போது எந்தத் தலைமுறை இறக்கிறது என்று பாருங்கள். பேரப்பிள்ளைகள் 400 பேர் பிறந்து வரும் காலத்தில் இறந்துகொண்டிருப்பது தாத்தா பாட்டிகளின் 200 பேர்தான். எல்லோரும் இரண்டே பெற்றும் மக்கள்தொகை 200 பேரால் கூடிவிட்டது. இருநூறாக இருந்த மூத்த தலைமுறை மறைந்து, நானூறாக இருந்த அடுத்த தலைமுறை முதுமையடைந்து இறக்கத் தொடங்கும்போதுதான் பிறப்பும் இறப்பும் சமமாகும். மிதிப்பதை நிறுத்திய பிறகும் சைக்கிள் ஓடுகிறதே, அதுபோல. மக்கள்தொகை அறிஞர்கள் இதை உந்தம் என்கிறார்கள்.

நிஜத்தில் இது எவ்வளவு நீளும் என்பதற்கு இரண்டு நெரிசலான இடங்கள் சாட்சி. சிங்கப்பூரின் கருவள விகிதம் 1970-களின் நடுவிலேயே 2.1-க்குக் கீழே இறங்கிவிட்டது. 2023-ல் அது 0.97. ஆனாலும் அந்த ஆண்டில் அங்கே சுமார் 33,500 குழந்தைகள் பிறந்தன, சுமார் 26,900 பேர் இறந்தார்கள். இன்னும் கூட்டல்தான். பிறப்புக் கணக்கில் அங்கே குடியேறிய இளம் குடும்பங்களின் பங்கும் உண்டு. ஹாங்காங் 1980 வாக்கில் 2.1-ஐக் கடந்து கீழே போனது. இறப்பு பிறப்பை மிஞ்சியது 3-ஆம் பதிலில் சொன்ன 2020-ல். நடுவில் நாற்பது ஆண்டுகள்! இன்றைக்கு நம் தெருவில் தெரியும் கூட்டம் இந்த ஆண்டின் பிரசவ வார்டில் உருவானது இல்லை. முப்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பிறந்து, பிழைத்து, வந்து சேர்ந்தவர்களின் கூட்டம் அது.

8. கேரளத்துல மருத்துவ வசதி நல்லா இருக்கு. ஆனா பீகாரைவிட அங்கே இறப்பு விகிதம் அதிகமாமே! கணக்கு தப்பா?

கணக்கு சரி. 2020-ல் கேரளத்தின் இறப்பு விகிதம் 7.0, பீகாரின் விகிதம் 5.4. ஆனால் இந்த எண், ஒருவர் எவ்வளவு காலம் வாழ்வார் என்பதைச் சொல்வதில்லை. ஆயிரம் பேரில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை மட்டுமே சொல்கிறது. 2021-க்கான மதிப்பீட்டின்படி கேரளத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 16.5 சதவீதம், பீகாரில் 7.7 சதவீதம். முதியோர் இல்லத்தில் இறப்பு விகிதம் கல்லூரி விடுதியைவிட அதிகமாக இருந்தால், முதியோர் இல்லத்தில் கவனிப்பு சரியில்லை என்று யாரும் சொல்லமாட்டோம் இல்லையா?

ஆகவே இரண்டு இடங்களின் நலத்தை ஒப்பிடச் சராசரி ஆயுட்காலத்தையும் சிசு மரண விகிதத்தையும் பாருங்கள். அவை இரண்டிலும் கேரளம் முன்னால் நிற்கிறது. இயற்கை அதிகரிப்புக்கு மட்டும் இந்த வெறும் இறப்பு விகிதமே போதும், ஏனென்றால் அங்கே நமக்கு வேண்டியது எத்தனை பேர் குறைந்தார்கள் என்ற எண்ணிக்கைதான்.

9. சதவீதம் பாதியாயிடுச்சுங்கிறாங்க. ஆனா ஆள் எண்ணிக்கை குறையலையே?

சதவீதம் எதன்மேல் என்று கேட்க வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் உலகில் சுமார் 320 கோடிப் பேர், வளர்ச்சி ஆண்டுக்கு 2 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆண்டுக்குக் கூடியவர்கள் ஏறத்தாழ 7 கோடி. 2022 நவம்பர் 15-ஆம் தேதியை ஐ.நா. உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்ட நாளாகக் குறித்தது. இப்போது வளர்ச்சி 0.9 சதவீதத்தை ஒட்டி. பெருக்கிப் பாருங்கள், அதே 7 கோடி. பெரிய தொகையின் சிறு சதவீதமும் பெரிய எண்தான். நெரிசலான இடத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே குடிநீர்க் குழாயும் பள்ளி இருக்கையும் ஆளை எண்ணித்தான் தேவைப்படும்.

10. அடர்த்தி எண்ணை அப்படியே நம்பலாமா?

ஆளைப் பரப்பளவால் வகுத்த எண் என்ற அளவில் நம்பலாம். அங்கே வாழும் ஒருவர் உணரும் நெரிசல் அதுதான் என்று எண்ண வேண்டாம். ஹாங்காங்கின் சராசரி, 2021-ல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,800. ஆனால் நிலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் பாதுகாக்கப்பட்ட வனப்பூங்கா, கட்டடம் எழும்பிய நிலம் நான்கில் ஒரு பங்குதான். குவுன் டோங் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 60,000 பேரை நெருங்குகிறது. அதே ஹாங்காங்கில் மான் மேயும் மலையும் உண்டு.

பரப்பளவும் நிலையாக இருப்பதில்லை. மக்காவ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 12 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று சுமார் 33. சிங்கப்பூர் 1960-களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்து இப்போது 730-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே இரண்டு காலத்து அடர்த்தியை ஒப்பிடும்போது, மேலே உள்ள எண் மட்டும் மாறியதா, கீழே உள்ள எண்ணும் மாறியதா என்று பாருங்கள்.

11. புறாக்கூடு மாதிரி வீட்டுல இருந்தா யாருக்குக் குழந்தை பெத்துக்க மனசு வரும்? அதனாலதான் நெரிசலான இடத்துல பிறப்பு குறையுதா?

ஓரளவுக்கு. நகர அடர்த்தி கூடும் இடங்களில் கருவளம் குறைவாக இருப்பது பல நாடுகளின் தரவுகளில் தெரிகிறது. வீட்டு விலை, தாமதமான திருமணம், நீண்ட வேலைநேரம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை எல்லாம் நகரத்தில் ஒன்றாகக் குவிகின்றன. 2022-ல் ஹாங்காங்கின் கருவள விகிதம் 0.7 வரை இறங்கியது. அந்தச் சூழலில் ஒரு இளம்பெண் "முடியாது" என்று முடிவெடுப்பதைச் சுயநலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் நெரிசல் மட்டும் தானாகப் பிறப்பைக் குறைப்பதில்லை. 4-ஆம் பதிலில் சொன்ன காசாவும் நெரிசல்தான், பீகாரும் நெரிசல்தான். பெண் எத்தனை ஆண்டு படித்தாள், எந்த வயதில் திருமணம் நடந்தது, பெற்ற குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறதா, கருத்தடை சாதனம் கைக்கெட்டுகிறதா, முதுமையில் யாரை நம்பி இருப்பது என்ற கேள்விகளின் பதில்தான் எடையுள்ளது.

12. குறிப்பிட்ட ஒரு மதத்துக்காரங்கதான் நிறையப் பெத்துக்கறாங்க, அதனாலதான் இந்தக் கூட்டம்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

தேசியக் குடும்ப நல ஆய்வு 1992–93-ல் தொடங்கியபோது இந்தியாவில் முஸ்லிம் பெண்களின் கருவள விகிதம் 4.4, இந்துப் பெண்களுடையது 3.3. 2019–21 சுற்றில் அவை 2.36, 1.94. இரண்டும் இறங்கியிருக்கின்றன, அதிகமாக இருந்தது அதிகமாகவே இறங்கியிருக்கிறது, நடுவில் இருந்த இடைவெளி பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. முந்தைய பதிலின் கடைசியில் சொன்ன காரணங்கள் மதம் பார்த்து வேலை செய்வதில்லை. அந்தச் செய்தியை அடுத்த முறை யாராவது அனுப்பினால் இந்த நான்கு எண்களையும் திருப்பி அனுப்புங்கள்.

13. அரசாங்கம் நினைச்சா நிறுத்தவோ கூட்டவோ முடியாதா?

குறைப்பதில் அரசுகள் உதவ முடிந்திருக்கிறது, ஆனால் எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வங்கதேசம் 1970-களின் தொடக்கத்தில் பெண் ஒருவருக்கு ஆறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் என்ற நிலையில் இருந்தது. பெண் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வாசலில் உட்கார்ந்து பேசி, சாதனங்களைக் கையில் கொடுத்தார்கள். மத்லப் என்ற ஊரகப் பகுதியில் 1977-ல் தொடங்கிய திட்டம், இப்படிச் செய்தால் பிறப்பு குறைகிறது என்பதை அருகிலிருந்த பகுதியோடு ஒப்பிட்டுக் காட்டியது. 2011 வாக்கில் நாட்டின் விகிதம் 2.3-க்கு வந்துவிட்டது. இந்தியாவில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன, ஏராளமானவை வற்புறுத்தலில். 1977 தேர்தலில் அந்த அரசு வீழ்ந்தது. மக்களின் நம்பிக்கையை உடைத்த ஒரு திட்டம், குடும்ப நலம் என்ற நல்ல சொல்லையே நெடுங்காலம் அச்சமூட்டும் சொல்லாக்கியது.

கூட்டுவது இன்னும் கடினம். சிங்கப்பூர் 1972-ல் "இரண்டோடு நிறுத்துங்கள்" என்றது. 1987-ல் "வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ" என்று மாற்றிச் சொன்னது. முதல் அழைப்புக்குக் கிடைத்த பதில் இரண்டாவதற்குக் கிடைக்கவே இல்லை. ஹாங்காங் 2023 அக்டோபர் முதல் பிறக்கும் குழந்தைக்கு 20,000 ஹாங்காங் டாலர் கொடுக்கிறது. 2024-ல் பிறப்பு சற்றுக் கூடியது, ஆனால் அது குழந்தைக்கு நல்லது என்று சீனர்கள் கருதும் டிராகன் ஆண்டு. எது பணத்தால், எது பஞ்சாங்கத்தால் என்று பிரிப்பது எளிதல்ல.

14. வெளியூர்க்காரங்க வந்து பிரசவம் பார்த்துட்டுப் போயிட்டா, அந்தக் குழந்தை யார் கணக்கு?

நல்ல கேள்வி, பலரும் தவறுவது இங்கேதான். 2001-ல் ஹாங்காங்கின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம், அங்கே பிறக்கும் சீனக் குழந்தைக்குப் பெற்றோர் யாராக இருந்தாலும் நிரந்தர வசிப்புரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. சீனப் பெருநிலத்திலிருந்து கர்ப்பிணிகள் வரத் தொடங்கினார்கள். 2011-ல் அங்கே பிறந்த சுமார் 95,000 குழந்தைகளில் ஏறக்குறைய 44,000 பேரின் தாய்மார் பெருநிலத்தவர். பலர் குழந்தையோடு திரும்பிப் போனார்கள். 2013 தொடக்கத்தில், கணவரும் ஹாங்காங்வாசி அல்லாத கர்ப்பிணிகளுக்கு மருத்துவமனை அனுமதி நிறுத்தப்பட்டது, பிறப்புகள் சரிந்தன. அந்த ஆண்டுகளின் எண்களை மட்டும் பார்த்த ஒருவர், ஹாங்காங்காரர்கள் திடீரென்று குழந்தை பெறத் தொடங்கித் திடீரென்று நிறுத்தினார்கள் என்றே நினைத்திருப்பார்.

சிறிய அளவில் இது எங்கும் நடக்கிறது. இந்தியாவில் பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகின்றன. பெரிய மருத்துவமனைகள் உள்ள நகரத்தில் பிறப்பும் கூடும், இறப்பும் கூடும், சுற்றியுள்ள கிராமங்களில் இரண்டும் குறைந்ததாகத் தெரியும். வசிக்கும் இடத்தின்படி திரட்டிய எண்ணா, நிகழ்ந்த இடத்தின்படி திரட்டிய எண்ணா என்று கேட்காமல் இரண்டு மாவட்டங்களை ஒப்பிடக் கூடாது.

15. சரி, பிறப்பைவிட இறப்பு அதிகமாயிட்டா நெரிசல் குறைஞ்சிடும்தானே? நல்லதுதானே?

அப்படி நேராக நடப்பதில்லை. முதலாவது, இடம்பெயர்வு. நெதர்லாந்தில் 2022-லும் 2023-லும் இறப்பு பிறப்பை மிஞ்சியது, ஆனால் வெளியிலிருந்து வந்தவர்களால் மக்கள்தொகை கூடியது. இரண்டாவது, குறைவு எல்லா இடத்திலும் சமமாக விழாது. ஜப்பானில் 2023-ல் சுமார் 7.3 லட்சம் பிறப்புக்கு எதிராக 15.7 லட்சத்துக்கும் மேல் இறப்பு. கிராமங்களில் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, டோக்கியோ ரயிலில் கூட்டம் கூட்டமாகவே இருக்கிறது.

மூன்றாவதைத்தான் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நமக்கு நெரிசலாகப் படுவதில் பாதி வீட்டுப் பஞ்சம். ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வாழ்பவர்கள் 2001-ல் சராசரியாக 3.1 பேர், 2021-ல் 2.7. அதே 75 லட்சம் பேருக்கு முன்னது 24 லட்சம் வீடு என்றால் பின்னது 28 லட்சம் வீடு. ஆள் கூடாமலே 4 லட்சம் வீடு கூடுதலாக வேண்டும். தனியாக வாழும் முதியவர்கள் பெருகப் பெருக இது ஏறும்.

நல்லதா என்ற கேள்விக்கு என் பதில்: மெதுவாக இறங்கினால் ஓர் ஊர் தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கும். கருவள விகிதம் 0.7, 0.9 என்று விழுந்தால் கிடைக்காது. பள்ளிகள் மூடப்படும், படுக்கையில் கிடக்கும் தாய்க்கும் தந்தைக்கும் பார்த்துக்கொள்ள ஒரே பிள்ளை, அந்தப் பிள்ளையும் வேறு ஊரில். கேரளத்தில் பத்தனம்திட்டா, இடுக்கி மாவட்டங்களின் மக்கள்தொகை 2001-க்கும் 2011-க்கும் இடையே குறையவே செய்தது. இளையவர்கள் வெளியேறியதும் அதில் சேர்ந்தது. அங்கே நெரிசல் குறைந்தது என்று யாரும் கொண்டாடவில்லை.

16. எங்க மாவட்டத்துக்கு நானே கணக்குப் பார்க்கணும்னா எங்கே ஆரம்பிக்கிறது?

நான்கு எண்களை எடுங்கள்: ஓராண்டின் பிறப்பு, இறப்பு, மொத்த மக்கள்தொகை, 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு. முதல் இரண்டுக்கும் 14-ஆம் பதிலில் சொன்ன சோதனையைச் செய்யுங்கள். கழித்து, மக்கள்தொகையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்குங்கள். ஒரே ஆண்டை வைத்து முடிவு கட்டாமல் ஐந்து ஆண்டுச் சராசரி பாருங்கள், சிறிய இடத்தில் எண்கள் ஆண்டுக்கு ஆண்டு குதிக்கும். கொரோனா ஆண்டுகளான 2020, 2021 இரண்டையும் தனியாக வையுங்கள். நான்காவது எண் இல்லாமல் இறப்பு விகிதத்தை வேறு மாவட்டத்தோடு ஒப்பிட வேண்டாம், காரணம் 8-ல் இருக்கிறது.

மக்கள்தொகைக்கு இந்தியாவில் கடைசி முழு எண்ணிக்கை 2011-தான். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதுவரை கையில் இருப்பவை மதிப்பீடுகள். எந்த எண்ணைப் பயன்படுத்தினாலும் அது எண்ணியதா, மதிப்பிட்டதா என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.